"அக்கா, என் ஹார்மோன் கெட்டுப்போச்சா?" – முகப்பருவோட ஆறு வருஷமா போராடுற தங்கச்சிக்கு ஒரு ஸ்கின் டாக்டரோட பதில்

இந்த வாரம் ஒரே ஒரு லெட்டருக்குத்தான் பதில், கொஞ்சம் நீளமாப் போகும். எழுதினவங்களுக்கு 20 வயசு, இன்ஜினியரிங் மூணாவது வருஷம், ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறாங்க. பேரு ஊரு வேண்டாம்னு கேட்டிருக்காங்க, அடையாளம் தெரியற மாதிரி இருந்த ஒண்ணு ரெண்டு விஷயத்தையும் மாத்திட்டேன்.

14 வயசுல நெத்தியில ஆரம்பிச்ச பரு, 17க்கு அப்புறம் கீழ எறங்கி தாடை, கன்னத்து ஓரம், கழுத்துன்னு வர ஆரம்பிச்சிருக்கு. தொட்டாலே வலிக்கும், உள்ளுக்குள்ளயே கட்டியா பத்து நாள் நிக்கும், போகும்போது கறுப்பு விட்டுட்டுப் போகும். இப்ப ரெண்டு கன்னத்துலயும் சின்னச் சின்னக் குழி விழுது. பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்னாடி புதுசா நாலஞ்சு நிச்சயம். வயசுக்கு வந்தது 13ல, சைக்கிள் 30ல இருந்து 34 நாள், செமஸ்டர் எக்ஸாம் நேரத்துல மட்டும் 40 வரைக்கும் தள்ளும். 16 வயசுல வயித்து வலிக்கு எடுத்த ஸ்கேன்ல "ரெண்டு பக்கமும் நீர்க்கட்டி, பிசிஓடி"ன்னு எழுதிக் குடுத்திருக்காங்க, அன்னையில இருந்து வீட்ல எல்லாத்துக்கும் அதுதான் காரணம். தாடையில ஆறேழு முடி, மாசம் ஒரு தடவ த்ரெடிங். கழுத்துப் பின்னாடி கறுப்பு இருக்கு, அம்மா ஞாயித்துக்கிழமை ஆனா பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்ப்பாங்களாம்.

எட்டு மாசமா மெடிக்கல் ஷாப்ல சொல்லி வாங்கின ஒரு க்ரீம் போடறாங்க. முதல்ல மூணே நாள்ல பரு அமுங்கி முகம் பளிச்சுனு ஆச்சு, இப்ப ரெண்டு நாள் விட்டா எரிச்சல், செவப்பு, பருவும் பொங்கிட்டு வருது. அஞ்சு மாசத்துக்கு முன்னாடி ஒரு டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதியிருக்கார். 11 மாத்திரை போட்டதுக்கு அப்புறம், இது கர்ப்பத்தடை மாத்திரைன்னு யாரோ சொல்லி அம்மா அழுது மீதியைக் குப்பையில போட்டுட்டாங்க. ஒரு லேப்ல "முழு ஹார்மோன் பேக்கேஜ்" ஆஃபர்ல வருது எடுக்கட்டுமான்னு ஒரு கேள்வி, கல்யாணம் ஆனா சரியாகிடும்னு அத்தை சொல்றாங்க உண்மையான்னு இன்னொண்ணு. ஜிம்முக்குப் போய் ஏதோ பவுடர் கலக்கிக் குடிக்கிற 16 வயசுத் தம்பிக்கும் முகம் முதுகெல்லாம் பரு, ஆனா அவனை வீட்ல யாரும் ஒரு வார்த்தை சொல்றதில்லன்னு வருத்தம். கடைசி வரி: "அக்கா, என் ஹார்மோன் கெட்டுப்போச்சா? நான் என்ன தப்பு பண்ணேன்?"

அக்கான்னு கூப்பிட்டுட்ட, அதனால நீன்னே எழுதறேன் மா. நீ ஒரு தப்பும் பண்ணல. ஹார்மோன் கெட்டுப்போச்சாங்கறதுக்கு ரெண்டு வரியில பதில் சொல்ல முடியாது, அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

ஹார்மோன் காரணம்தான், ஆனா அது கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல

முகத்துல இருக்கற ஒவ்வொரு சின்ன முடிக்காலுக்குப் பக்கத்துலயும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கிட்டு இருக்கு. குழந்தையா இருக்கும்போது அது தூங்குது. ஏழெட்டு வயசுல சிறுநீரகத்துக்கு மேல இருக்கற அட்ரினல் சுரப்பி ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோனைக் கொஞ்சம் கொஞ்சமா விட ஆரம்பிக்கும், அப்புறம் வயசுக்கு வரும்போது பொண்ணுங்களுக்கு சினைப்பையில இருந்தும் பசங்களுக்கு விதைப்பையில இருந்தும் அது கூடும். ஆண்ட்ரோஜனை ஆம்பள ஹார்மோன்னு சொல்றாங்களே, அதைக் கேட்டுப் பயப்படாத, எல்லாப் பொண்ணுக்கும் அது உடம்புல இருக்கு, இருக்கணும். அது வந்து தட்டினதும் எண்ணெய்ச் சுரப்பி முழிச்சுக்கும், பெருசாகும், எண்ணெயைக் கொட்டும். அதே நேரத்துல துளையோட வாய்ல இருக்கற தோல் செல்கள் சரியா உதிராம ஒட்டிக்கிட்டு அடைப்பு ஆகும், உள்ள தேங்கின எண்ணெயில ஏற்கெனவே நம்ம தோல்ல குடியிருக்கற ஒரு பாக்டீரியா பெருகும், உடம்பு அதோட சண்டை போடும், அந்தச் சண்டைதான் நீ கண்ணாடியில பாக்கற செவந்த கட்டி.

இது இன்னைக்கு நேத்து கண்டுபிடிச்ச விஷயம் இல்ல. 1941லயே ஜேம்ஸ் ஹாமில்டன்ங்கற அமெரிக்க ஆராய்ச்சியாளர், பருவ வயசுக்கு முன்னாடியே விதைப்பை வேலை செய்யாமப் போன ஆம்பளைங்களுக்கு பருவே வர்றதில்ல, அவங்களுக்கு வெளியில இருந்து டெஸ்டோஸ்டிரோன் (ஆண்ட்ரோஜன்லயே முக்கியமானது) குடுத்தா பரு வருதுன்னு எழுதி வெச்சுட்டார். அப்படிப் பாத்தா உலகத்துல எல்லாப் பருவும் ஹார்மோன் பருதான். 12 வயசுல இருந்து 24 வயசுக்குள்ள சுமார் 85 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவுக்குப் பரு வந்து போகுதுன்னு கணக்கு, இத்தனை பேருக்கும் ஹார்மோன் கெட்டா போயிருக்கும்?

இங்கதான் நிறைய பேர் குழம்பறாங்க, அதனால நிறுத்தி நிதானமா படி. பரு இருக்கற பெரும்பாலான பொண்ணுங்களுக்கு ரத்தத்துல ஹார்மோன் அளவு நார்மலாத்தான் இருக்கும். வித்தியாசம் சுரப்பியில. தோலுக்குள்ளயே ஒரு என்ஸைம் இருக்கு, அது சாதாரண டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வீரியமான இன்னொரு வடிவமா மாத்தும், சிலரோட சுரப்பி அந்த வேலையை அதிகமா செய்யும், கொஞ்சம் ஹார்மோன் வந்தாலே துள்ளும். ஒரே வீட்ல ஒரே ரேடியோ ஓடுது, ஒருத்தருக்கு அது காதுலயே விழல, இன்னொருத்தருக்கு தலைவலியே வந்துருது, அது மாதிரி. இந்தத் தன்மை பெரும்பாலும் அப்பா அம்மா வழியா வர்றது. உங்க அப்பாவோட முதுகையோ அம்மாவோட பழைய காலேஜ் போட்டோவையோ பாரு, எங்கயாவது தடயம் இருக்கும்.

பீரியட்ஸுக்கு முன்னாடி கூடறதும் இதே கதைதான். அந்தக் கடைசி வாரத்துல ஈஸ்ட்ரோஜன்ங்கற பொம்பள ஹார்மோன் எறங்கும், ஆண்ட்ரோஜனை அடக்கி வெச்சிருந்த கை விலகின மாதிரி ஆயிடும், சுரப்பி துள்ளும். ஹார்மோன் முழுக்க சரியா இருக்கற பொண்ணுங்களுக்கும் இது நடக்கும்.

அந்த 16 வயசு ஸ்கேன்

இதைப் பத்தி எனக்கு மனசுல ரொம்ப நாளா ஒரு ஆதங்கம் உண்டு. வாரத்துக்கு ரெண்டு மூணு பிள்ளைங்களாவது கையில ஒரு ஸ்கேன் ஃபைலோட வருவாங்க, பள்ளிக்கூடம் படிக்கும்போது எடுத்தது, அதுல இருக்கற ஒரு வரியை வெச்சு அஞ்சாறு வருஷம் பயந்துக்கிட்டே வாழ்ந்திருப்பாங்க.

நீர்க்கட்டின்னு தமிழ்ல பேர் வெச்சுட்டோம், அதுலயே பாதிப் பயம் வந்துருது. அது கட்டி இல்ல மா. முழுசா வளராம நிக்கற சின்னச் சின்ன முட்டைப் பைகள்தான் ஸ்கேன்ல கறுப்புக் கறுப்பாத் தெரியுது, கரைக்கறதுக்கோ எடுக்கறதுக்கோ அங்க ஒண்ணும் இல்ல. வயசுக்கு வந்த புதுசுல நல்லா ஆரோக்கியமா இருக்கற பிள்ளைங்களுக்கும் சினைப்பை இப்படித்தான் தெரியும். அதனாலதான் வயசுக்கு வந்து 8 வருஷம் ஆகற வரைக்கும் பிசிஓஎஸ் (பிசிஓடின்னு எழுதிக் குடுத்தாங்களே அதேதான், சினைப்பையும் ஹார்மோனும் சேர்ந்து தடுமாறற பிரச்சினை) இருக்கா இல்லையான்னு சொல்றதுக்கு ஸ்கேனை வெச்சு முடிவு பண்ணக் கூடாதுன்னு சர்வதேச வழிகாட்டுதலே சொல்லுது, 2018லயும் சொன்னாங்க, 2023ல திருத்தி எழுதினப்பவும் சொன்னாங்க. நீ 13ல வயசுக்கு வந்த. ஸ்கேன் எடுத்தப்ப மூணு வருஷம்தான் ஆகியிருக்கு. இன்னைக்குக் கணக்குப் போட்டாலும் 7 வருஷம், இன்னும் அந்த எல்லையைத் தாண்டல. அதனால அந்த ரிப்போர்ட்டை எடுத்து ஓரமா வை.

அப்படின்னா உனக்கு பிசிஓஎஸ் இல்லவே இல்லையான்னா, அதையும் நான் லெட்டரைப் படிச்சு சொல்லிட முடியாது. உன் வயசுல ரெண்டு விஷயம் சேர்ந்து இருக்கணும். ஒண்ணு, பீரியட்ஸ் ஒழுங்கில்லாம இருக்கணும், அதாவது வயசுக்கு வந்து மூணு வருஷம் தாண்டினவங்களுக்கு 21 நாளுக்குக் குறைவா வர்றது, 35 நாளுக்கு மேல தள்ளறது, இல்லேன்னா வருஷத்துக்கு 8 தடவைக்கும் குறைவா வர்றது. உனக்கு எக்ஸாம் டைம்ல மட்டும் 40 ஆகுது, மத்தபடி 34க்குள்ள வருது, இதை ஒழுங்கில்லன்னு சொல்ல எனக்கு மனசு வரல, ஆனா ஒரு ஆறு மாசம் தேதி எழுதி வெச்சாத்தான் உறுதியா தெரியும். ரெண்டாவது, ஆண்ட்ரோஜன் கூடியிருக்கறதுக்கு உடம்புலயோ ரத்தத்துலயோ அடையாளம் இருக்கணும். இங்க உன் தாடை முடியைப் பாக்கணும். அந்த முடி தடிமனா கறுப்பா முன்னாடியே இருந்ததா, இல்ல க்ரீம் போட ஆரம்பிச்ச எட்டு மாசத்துல பூனை முடி மாதிரி வந்ததா? நான் ஏன் கேக்கறேன்னா, உன் க்ரீம் ஸ்டீராய்டுன்னுதான் நினைக்கிறேன், கீழ சொல்றேன், ஸ்டீராய்டு க்ரீமை மாசக் கணக்குல போட்டா சிலருக்கு முகத்துல முடி வளரும், அதை பிசிஓஎஸ்னு தப்பா எடுத்துக்கிட்டவங்களை நான் பாத்திருக்கேன். நேர்ல ஒரு டாக்டர் வெளிச்சத்துல வெச்சுப் பாத்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

கழுத்துக் கறுப்பைப் பத்தி நீ போற போக்குல ஒரு வரி எழுதிட்டுப் போயிட்ட, எனக்கு முடியைவிட அதுதான் முக்கியமாப் பட்டுச்சு. தொட்டுப் பாரு, வெல்வெட் துணி மாதிரி கொஞ்சம் தடிப்பா இருக்கா? அக்குள்லயும் இருக்கா? அது அழுக்கு இல்ல. நார் போட்டு எவ்வளவு தேய்ச்சாலும் போகாது, தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும். இன்சுலின் சரியா வேலை செய்யலன்னா உடம்பு அதைக் கூடுதலா சுரக்கும், அந்தக் கூடின இன்சுலின்தான் கழுத்துல தோலைத் தடிக்க வைக்குது, அதேதான் சினைப்பையையும் தட்டி ஆண்ட்ரோஜனை ஏத்தி விடுது. அதனால அம்மாகிட்ட நார் வேண்டாம்னு சொல்லு, ஒரு சுகர் டெஸ்ட் வேணும்னும் சொல்லு.

பேக்கேஜ் வேண்டாம், இதை மட்டும் எடு

முப்பது நாப்பது டெஸ்ட் இருக்கற பேக்கேஜ் எடுத்தா ஏதாவது ஒண்ணு கோட்டுக்கு மேலயோ கீழயோ இருக்கத்தான் செய்யும், அதைப் பிடிச்சுக்கிட்டு இன்னும் நாலு மாசம் தூக்கம் போகும். பருவுக்குன்னு மட்டும் வர்றவங்களுக்கு பொதுவா ஹார்மோன் டெஸ்ட்டே தேவை இல்ல. உனக்கு முடி, கழுத்து, 40 நாள் சைக்கிள்னு மூணு சின்ன சந்தேகம் இருக்கறதால ஒரு தடவ எடுத்துப் பாக்கறது நியாயம். மொத்த டெஸ்டோஸ்டிரோன், அதோட எஸ்ஹெச்பிஜின்னு ஒண்ணு (டெஸ்டோஸ்டிரோனைக் கட்டி வெச்சிருக்கற புரதம் அது, ரெண்டையும் சேர்த்துப் பாத்தாத்தான் எவ்வளவு சும்மா சுத்துதுன்னு தெரியும்), சைக்கிள் தள்ளறதுக்காக தைராய்டும் புரோலாக்டினும், அப்புறம் 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுக்கற சுகர் டெஸ்ட். அட்ரினல் பக்கம் சந்தேகம் வந்தா டாக்டர் இன்னும் ஒண்ணு ரெண்டு சேர்ப்பாங்க. பீரியட்ஸ் வந்த 2ல இருந்து 5ஆவது நாளுக்குள்ள, காலையில போய் ரத்தம் குடு. ஹார்மோன் மாத்திரை போட்டுக்கிட்டு இருக்கும்போது எடுத்தா ரிசல்ட் தப்பாக் காட்டும், நிறுத்தி 3 மாசமாவது ஆகியிருக்கணும். நீ நிறுத்தி 5 மாசம் ஆச்சு, அதனால இப்ப எடுக்கலாம்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் காத்திருக்காம உடனே ஓடணும். சில மாசத்துக்குள்ளயே திடீர்னு முகம் நெஞ்செல்லாம் முடி, குரல் தடிக்கறது, தலை முன்னாடி வழுக்கை, பீரியட்ஸ் நின்னே போறது, இதெல்லாம் ஒண்ணா வந்தா அட்ரினல்லயோ சினைப்பையிலயோ கட்டி இருக்கான்னு பாக்கணும். ரொம்ப அபூர்வம், உன் லெட்டர்ல அப்படி எதுவும் இல்ல.

முதல்ல அந்த ட்யூபைத் திருப்பிப் படி

பேரைப் பாக்காத, பின்னாடி பொடி எழுத்துல இருக்கறதைப் படி. மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபிடசால், ஃப்ளுவோசினோலோன், இதுல ஒண்ணு இருந்தா அது ஸ்டீராய்டு. கூடவே ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின்னு இருந்தா அது கலர் குடுக்கும்னு விக்கற மூணு மருந்துக் கலவை. மங்குக்காக டாக்டர் பார்வையில கொஞ்ச வாரம் மட்டும் போட வேண்டியது அது, பருவுக்கு இல்ல. நீ சொல்ற அடையாளத்தைப் பாத்தா உன் க்ரீம்ல ஸ்டீராய்டு இருக்குங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல. மூணு நாள்ல பரு அமுங்குச்சுன்னு சொன்னியே, ஸ்டீராய்டு அந்தச் சண்டையை அமுக்கிடுச்சு, பரு போகல. மாசக் கணக்குல போட்டா தோல் மெலிசாகும், ரத்தக் குழாய் வெளியில தெரியும், ஸ்டீராய்டாலயே புதுசா ஒரே மாதிரி பொடிப் பரு வரும். இந்த மாதிரி பல க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு 2018லயே மத்திய அரசு ஷெட்யூல் ஹெச் பட்டியல்ல கொண்டு வந்தாச்சு, நம்ம நாட்டு தோல் மருத்துவர்கள் சங்கமும் வருஷக் கணக்கா கத்திக்கிட்டுத்தான் இருக்கு, ஆனாலும் கடையில "முகத்துக்கு ஒரு க்ரீம் குடுங்க"ன்னா கையில வந்துருது. உன் மேல எனக்குக் கோபம் இல்ல மா, அதை எடுத்துக் குடுத்தவங்க மேலதான் கோபம்.

இதை நீயா நிறுத்திட்டு அடுத்த நாளே பரு மருந்தை ஆரம்பிக்காத. நிறுத்தினா முதல் சில வாரம் முகம் செவக்கும், எரியும், பரு இதுவரைக்கும் இல்லாத அளவுக்கு வெடிக்கலாம். அந்த நேரத்துலதான் எல்லாரும் அழுதுட்டுத் திரும்ப ட்யூபை எடுத்துடறாங்க. தோல் டாக்டர்கிட்ட போ, தேவைப்பட்டா வீரியம் கம்மியானதுக்கு மாத்தி படிப்படியா நிறுத்துவாங்க, எரிச்சலுக்கும் வீக்கத்துக்கும் தனியா மருந்து தருவாங்க. அதுவரைக்கும் வாசனை இல்லாத மைல்டான ஃபேஸ்வாஷ், ஒரு மாய்ஸ்சரைசர், ஒரு சன்ஸ்க்ரீன், இது மட்டும். எலுமிச்சம்பழம், டூத்பேஸ்ட், ஸ்க்ரப் எதுவும் அந்தத் தோல் மேல படவே கூடாது. காலேஜ்ல முக்கியமான நாள் எதுவும் இல்லாத மாசமாப் பாத்து ஆரம்பிச்சா மனசுக்கும் கொஞ்சம் லேசா இருக்கும்.

அதுக்கப்புறம் எந்த வழி

தோல் ஆறினதும் அடித்தளம் ரெண்டு மருந்து. ராத்திரி அடாப்பலீன், துளை அடைப்பைத் திறக்கறது. ஒரு பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க மெலிசா தடவணும், பரு மேல மட்டும் பொட்டு வைக்கக் கூடாது, முதல்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள். காலையில பென்சாயில் பெராக்ஸைடு 2.5 சதவீதம், பாக்டீரியாவுக்கு. இது துணியை வெளுக்க வைக்கும், ஹாஸ்டல்ல வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் வெச்சுக்கோ. எட்டுல இருந்து பன்னெண்டு வாரம் ஆகும் வித்தியாசம் தெரிய. மூணு நாள் க்ரீமுக்குப் பழகின கண்ணுக்கு இது ரொம்ப மெதுவாத் தெரியும், தெரிஞ்சுதான் சொல்றேன்.

ஆனா உனக்குக் குழி விழுதுன்னு எழுதியிருக்கறதால வெறும் க்ரீமோட நிறுத்தறது பத்தாதுன்னு நினைக்கிறேன். டாக்ஸிசைக்ளின் மாத்திரை மூணு மாசம் மாதிரி குடுப்பாங்க, வீக்கம் குறையும், நிறைய தண்ணியோட போட்டுட்டு உடனே படுக்கக் கூடாது, வெயில்ல தோல் சீக்கிரம் கருகும். அதை நிறுத்தினதும் திரும்ப வந்தாலோ குழி அதிகமானாலோ ஐசோட்ரெட்டினாயின் இருக்கு. எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கறதால ஹார்மோன் எப்படி இருந்தாலும் வேலை செய்யும், உதடு வெடிக்கும், ஆரம்பத்துலயும் நடுவுலயும் லிவரும் கொழுப்பும் பாக்கணும், மனசு ரொம்ப சோர்ந்தா டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாது. மாத்திரை போடும்போதும் நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும் கர்ப்பம் ஆகவே கூடாது, குழந்தைக்குப் பெரிய ஊனம் வரும். வீட்ல கல்யாணப் பேச்சு ஓடுதுன்னா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லு.

மூணாவது வழி ஹார்மோன் பக்கம். தாடை ஓரத்துல வலியோட, பீரியட்ஸோட கூடற மாதிரி வர்ற பருவுக்கு ரத்த டெஸ்ட் நார்மலா இருந்தாலும் இது கேக்கும், சுரப்பிக்கு ஆண்ட்ரோஜன் போய்ச் சேர்றதைக் குறைக்கறதுதானே வேலை. ஸ்பைரோனோலாக்டோன்ங்கற பழைய பிபி மாத்திரை ஒண்ணு, இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் 410 பெண்கள்கிட்ட சோதிச்சு 2023ல முடிவு வந்துச்சு, 12 வாரத்துல சுமாரா, 24 வாரத்துல நல்லாவே பலன் தெரிஞ்சது. இதுலயும் கர்ப்பம் ஆகக் கூடாது. இன்னொண்ணு உங்க அம்மா குப்பையில போட்ட அதே மாத்திரை.

அம்மாவோட பயம்

அம்மா அழுததுல ஒரு நியாயம் இருக்கு, யாருமே அவங்களுக்கு விளக்கிச் சொல்லல. அது கர்ப்பத்தடை மாத்திரைதான், பொய் இல்ல. ஆனா அதுல இருக்கற ஈஸ்ட்ரோஜன், நான் மேல சொன்ன எஸ்ஹெச்பிஜியை ஏத்தி விட்டு, சும்மா சுத்தற டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிப் போட்டுரும், அதனால எண்ணெய் குறையும், பரு குறையும். நிறுத்தினா முட்டை திரும்ப வரும், குழந்தை பொறக்கற திறனை அது அழிக்கறதில்ல. 11 மாத்திரையால உனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, பலனும் கிடைச்சிருக்காது, மூணு சைக்கிளாவது போட்டாத்தான் தெரியவே தெரியும்.

உண்மையான ஆபத்து வேற இடத்துல இருக்கு, ரத்தக் கட்டு. மாத்திரை போடாத பெண்கள்ல வருஷத்துக்கு 10,000 பேர்ல 1ல இருந்து 5 பேருக்கு வரும்னா, போடறவங்கள்ல 3ல இருந்து 9 பேருக்கு. கர்ப்பமா இருக்கறவங்களுக்கு இதைவிட அதிகம், 5ல இருந்து 20. சின்ன எண்ணிக்கைதான், ஆனா குடும்பத்துல யாருக்காவது கால்லயோ நுரையீரல்லயோ ரத்தம் உறைஞ்சிருந்தா, உனக்கு பிபி இருந்தா, கண் முன்னாடி மின்னல் மாதிரி வந்துட்டு அப்புறம் ஒத்தைத் தலைவலி வந்தா, இந்த மாத்திரை உனக்கு வேண்டாம். எழுதற டாக்டர் இந்தக் கேள்வியெல்லாம் கேக்கணும், கேக்கலன்னா நீயே சொல்லு. பீரியட்ஸ் ஓரளவு சரியா வர்ற உனக்கு இது கட்டாயம் இல்ல, மத்த வழி ஒத்து வரலன்னா எடுத்துக்க ஒரு நல்ல வழி.

உனக்கு 20 வயசு ஆச்சு. எந்தச் சிகிச்சைக்கு சம்மதம்னு முடிவெடுக்கற உரிமை உன்னோடது, நீ டாக்டர்கிட்ட பேசறதை உன் அனுமதி இல்லாம அவங்க வீட்ல சொல்லக் கூடாது. ஆனாலும் முடிஞ்சா அம்மாவையும் ஓபிக்குக் கூட்டிட்டுப் போ. அவங்க கேள்வியை அவங்களே டாக்டர்கிட்ட கேக்கட்டும். நான் பாத்த வரைக்கும் அஞ்சு நிமிஷம் உக்காத்தி வெச்சுச் சொன்னா பெரும்பாலான அம்மாங்க புரிஞ்சுக்கறாங்க. அத்தை சொல்றதுக்கும் இங்கயே பதில். கல்யாணத்தால பரு போறதில்ல. நிறைய பெண்களுக்கு 25, 30 தாண்டியும் தொடருது, காத்திருக்கற வருஷத்துல விழற குழி மட்டும் அப்படியே நின்னுடும். கறுப்பு பல மாசத்துல மங்கும், குழி தானா மேல வராது.

சூடு, எண்ணெய், சாப்பாடு

உடம்பு சூடு, ரத்தம் கெட்டதுன்னு சொல்றதுக்கெல்லாம் ஆதாரம் இல்ல, இளநீர் குடி, நல்லதுதான், பருவுக்கான மருந்து அது இல்ல. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வெச்சு அது நெத்தியில வழிஞ்சு அப்படியே தூங்கினா நெத்தி ஓரத்துல பொடிப் பரு வரும், எண்ணெய் வைக்கணும்னா குளிக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வெச்சு அலசிடு. சாப்பாட்டுல உண்மையிலயே சம்பந்தம் இருக்கறது சர்க்கரை. 2007ல ஆஸ்திரேலியாவுல பரு இருந்த 43 இளைஞர்களை வெச்சு, ரத்தத்துல சர்க்கரையை மெதுவா ஏத்தற சாப்பாடு 12 வாரம் குடுத்துப் பாத்தாங்க, பரு கணிசமா குறைஞ்சது. இன்சுலின் எறங்கினா ஆண்ட்ரோஜன் தட்டறதும் குறையும், உன் கழுத்துக்கும் இதுதான் வழி. ஹாஸ்டல்ல சோறு நிறுத்துன்னு சொல்லமாட்டேன், ஆனா நாளைக்கு நாலு டீயில போடற சக்கரை, கேன்டீன் பப்ஸ், பாட்டில் ஜூஸ், அதைக் குறைக்கலாம், சுண்டல் முட்டை காய் எதையாவது சோத்தோட கூட்டலாம். எண்ணெய்ப் பலகாரம் முகத்துல எண்ணெயா வழியாது, அந்தப் பயம் விட்டுடு.

குரூப் போட்டோன்னா பின்னாடி போய் நின்னுக்குவேன், ஆறு மாசமா முன் பெஞ்சுல உக்கார்றதே இல்லன்னு எழுதியிருந்த. அதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன் மா. தூக்கம் போகுது, சாகணும் போல இருக்குன்னு எப்பவாவது தோணுச்சுன்னா 14416க்குக் கூப்பிடு, அரசாங்கத்தோட டெலி மானஸ் எண், தமிழ்ல பேசுவாங்க, காசு இல்ல. பருவுக்காக அப்படித் தோணறது அசட்டுத்தனம்னு யாரும் அங்க சொல்லமாட்டாங்க.

தம்பியையும் கூட்டிட்டுப் போ

உன் வருத்தம் நியாயம். அவனுக்கும் ஹார்மோன்தான், உனக்கு ஸ்கேன், டெஸ்ட், அறிவுரைன்னு வந்துச்சு, அவனுக்கு எதுவும் வரல. அதுல உனக்கு மட்டும் இல்ல, அவனுக்கும்தான் நஷ்டம், ஏன்னா இந்த வயசுல கட்டி கட்டியா வந்து ஆழமா தழும்பு விடறது பசங்களுக்குத்தான் அதிகம். முதுகு நெஞ்செல்லாம் இருந்தா சீக்கிரமே ஐசோட்ரெட்டினாயின் பத்தி யோசிக்கணும். உனக்குச் சொன்ன ஸ்பைரோனோலாக்டோனும் கர்ப்பத்தடை மாத்திரையும் அவனுக்கு ஆகாது, உன் மருந்தை அவன் எடுத்துப் போடாம பாத்துக்கோ.

அவன்கிட்ட தனியா, திட்டாம, ரெண்டு கேள்வி கேளு. ஒண்ணு, அவன் குடிக்கிற பவுடர் வே ப்ரோட்டீனா (பால்ல இருந்து எடுக்கற புரதம்)? அது சிலருக்குப் பருவைக் கூட்டுது, ஒரு ரெண்டு மாசம் நிறுத்திட்டு முட்டை, கடலை, பயறுன்னு சாப்பிட்டுப் பாக்கட்டும். ரெண்டு, ஜிம்ல யாராவது ஊசியோ மாத்திரையோ குடுத்தாங்களா? உடம்பு ஏத்தற ஸ்டீராய்டு ஊசியெல்லாம் நேரடியா ஆண்ட்ரோஜன்தான், பரு திடீர்னு முதுகு முழுக்கப் பொங்கும், 16 வயசுல அது விதைப்பையையும் எலும்பு வளர்ச்சியையும் கெடுக்கும். பி12 ஊசி போட்டாலும் சிலருக்குப் பரு மாதிரி வரும். ஆமான்னு சொன்னா வீட்ல சண்டை போடாம நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டு வா.

செலவு பயமா இருந்தா அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி தோல் நோய் ஓபிக்குப் போங்க, காலையில சீட்டு வாங்கினா ரெண்டு பேரையும் ஒரே நாள்ல பாத்துடலாம். போகும்போது அந்த க்ரீம் ட்யூப், பீரியட்ஸ் தேதி எழுதின தாள், பழைய மாத்திரைச் சீட்டு, தம்பியோட பவுடர் டப்பாவோட போட்டோ, எல்லாம் பையில போட்டுக்கோ. முதல் நாளே ஜன்னல் ஓரமா, ஃபில்டர் இல்லாம முகத்தை மூணு பக்கமும் போட்டோ எடுத்து வை, நடு முகம், இடது, வலது. மாசம் ஒரு தடவ அதே ஜன்னல், அதே நேரம். மூணாவது மாசப் போட்டோவை எனக்கும் அனுப்பு மா.